இரண்டு டிரம் உப்புத் தண்ணீர்

மேடையின் நடுவே வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர், பெரியவர் வரதராஜன் அவர்களே! திருத்தணி மலையடிவாரத்தில் மூன்று தலைமுறையாய்க் கடை நடத்தும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கம் நிறைய வந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கைதட்டும் தம்பிமார்களே! பொதட்டூர்பேட்டை குமரவேலின் பணிவான வணக்கம்!

"துணிந்து தொழில் தொடங்கு" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். துணிவு என்றால் என்ன? ரிப்பன் வெட்டுவதா? பேனர் கட்டுவதா? பேனரில் நம் படத்தைப் பெரிதாய்ப் போடுவதா? சிரிக்காதீர்கள் அம்மா, வாசலில் என் படமும் தொங்குகிறது.

என் அண்ணி மோகனப்ரியாவின் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறி, நான்கிலும் லுங்கி. அண்ணிக்கு ஓர் எண்ணம் வந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள், ஈர வேட்டி காலைத் தட்டத் தட்டப் படி ஏறுகிறார்களே, அவர்களுக்கென்று கணுக்காலுக்கு மேலே நிற்கிற, சட்டென்று காய்கிற மெல்லிய மஞ்சள் வேட்டி நெய்தால் என்ன? கேட்டுச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான். நூல் கொடுக்கும் முதலாளியோ, இது சரிப்படாவிட்டால் நான்கு தறிக்கும் ஏற்ற வேண்டிய பாவு நூல் வராது என்று சொல்லிவிட்டார். பாவு நின்றால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. அண்ணி நெய்தார்!

திருவிழாவன்று திருத்தணி மலையடிவாரக் குளக்கரையில் கடை போட்டோம். காலை பத்து மணிக்குள் பாதிச் சரக்கு காலி! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அரைமணி நேரத்தில் வாங்கியவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள் ஐயா! எப்படி வந்தார்கள்? கால் மஞ்சள், கை மஞ்சள், தோளில் கிடந்த வெள்ளைத் துண்டும் மஞ்சள்!

நெசவுக்காரர் வீட்டில் புதுத் துணியை, சாயம் போகாமல் நிற்க, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசாமல் யாரும் உடுத்த மாட்டார்கள். கடையில் வாங்கிய கையோடு குளத்தில் முழுகுவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்தது நாட்டுக்கே தெரியும் என்று நினைத்தோம். தொழில் தெரியாதவன் செய்கிற தப்பா இது? தொழிலிலேயே பிறந்தவன் செய்கிற தப்பு!

கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டும் விஜயன், விரதமிருந்து வந்தவர், எங்கள் கடை முன் நின்றார். "சாமிக்கு வேண்டிகினு வந்தவன இப்டி வேஷம் கட்டி நிக்க வச்சிட்டீங்களே" என்றார். கூட்டம் கூடிவிட்டது. நான் மூட்டையைக் கட்டினேன். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று அண்ணியிடம் கெஞ்சினேன்.

"நீ போறதுன்னா போ குமாரு. நாம ஓடிட்டா இவுரு இனிமே நம்ம ஊர் துணியவே தொட மாட்டாரு. நான் எங்கியும் வரல."

இரண்டு டிரம் பிடித்தார். கல்லுப்பைக் கொட்டினார். விற்றதையும் விற்காததையும் ஊறப்போட்டார். உப்புத் தண்ணீரில் அலச வேண்டும் என்று சொல்லாமல் விற்றது எங்கள் தப்பு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். திட்டினார்கள், அலசினார்! வெயில் சுட்டது, அலசினார்! உப்பில் விரல் வெடித்தது, அப்போதும் அலசினார்! விஜயனும் காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு படி ஏறினார்; சாயங்காலம் இறங்கி நேரே கடைக்கு வந்தார்.

"படி ஏறச்சொல்ல வேட்டி கால்ல சிக்கலம்மா. அடுத்த வருஷம் எங்க ஸ்டாண்டுல முப்பது பேரு காவடி எடுக்கறோம். நீயே அலசிக் குடுத்துடு."

பாவு நிற்கவில்லை! இப்போதெல்லாம் பங்குனி பிறந்தாலே ஆடிக்காக நான்கு தறியிலும் மஞ்சள்தான் ஓடுகிறது!

இதையெல்லாம் கண்ணால் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் நான் ஏறிவிட்டேன். விஜயன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆனால், டிரம்முக்குத் தண்ணீர் சுமந்தவன் நான் என்று இத்தனை வருஷமாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணி ஒருநாளும் மறுத்ததில்லை. தலை குனியாதீர்கள் அண்ணி, குனிய வேண்டியவன் நான். தண்ணீர் சுமந்ததும் நீங்கள்தான்.

தாய்மார்களே, தொடங்குங்கள்! தப்பு வரும், கட்டாயம் வரும். வருகிற அன்றைக்கு என்னைப் போல் பஸ் பிடிக்காதீர்கள். வாங்கியவர் முகத்தைப் பார்த்து நில்லுங்கள்!

பேச இடம் தந்த சங்கத்துக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. முதல் வணக்கம் அண்ணிக்கு. அடுத்தது உங்கள் எல்லோருக்கும்.