பதினொரு வீட்டுப் புகை

விளக்கை அணைக்கச் சொல்லி மில் சங்கு ஊதுகிறது. மாலை ஆறு மணி இருக்கும். ரயில் கேட்டைத் தாண்டி ஓடுகிறேன். முழங்கால் அளவு மழைத் தண்ணீர். தோளில் மல்லிகா. என் மகள். நான்கு வயது. என் முதுகெல்லாம் அவள் வாந்தி. முன்னால் என் வீட்டுக்காரர் முருகையன். டார்ச் அடித்து வழி காட்டுகிறார்.

"யோவ், டார்ச்ச அணை! பிளேன் வருது!"

இருட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். அணைத்தார். பிளேன் எதுவும் வரவில்லை. 1971 டிசம்பர். போர் தொடங்கிப் பத்தாம் நாள். இருட்டில் தடவித் தடவிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

அவளுக்கு ஏன் வாந்தி வந்தது என்று சொல்லத்தான் வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் மில் ஆட்கள் குடியிருந்த வரிசை எங்களுடையது. பதினொரு வீடு. என் வீட்டுக்காரர் பதிலி ஆள். யாராவது வேலைக்கு வராத நாளில்தான் அவருக்கு வேலை. அதுவும் ராத்திரி ஷிப்டில். போரின் மூன்றாம் நாள், விளக்கு எரியக் கூடாது என்று ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். கூலி நின்றது. கடலுக்குள் நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது என்று பேச்சு. எங்களுக்கு அரிசிப் பானைதான் பயம்.

நான் சிக்கனத்தில் இறங்கினேன். கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. காப்பியை நிறுத்தினேன். எண்ணெயை நிறுத்தினேன். பூவை நிறுத்தினேன். சோறு ஒரு வேளை ஆயிற்று. பிறகு அதுவும் கஞ்சி. மழை விடவில்லை. சவுக்கு விறகு கிடைப்பதே பாடு. வேறு எதை நிறுத்தலாம் என்று பார்த்தேன். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுவது கண்ணில் பட்டது. வெட்டிச் செலவு என்று அதையும் நிறுத்தினேன்.

எட்டாம் நாள் சாக்கடை பொங்கித் தெருக்குழாயை மூழ்கடித்தது. சுகாதார ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கத்திக்கொண்டே போனார்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிங்க! காய்ச்சிக் குடிங்க!"

விளக்கை அணை என்றார்கள். அணைத்தேன். ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். தண்ணீரைக் காய்ச்சு என்றார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வானத்திலிருந்து வருவதற்குத்தான் பயந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். சொல்ல வாய் கூசுகிறது. எங்கள் வரிசையில் மாலை ஐந்து மணிக்கு ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் புகை தெரிய வேண்டும். தெரியாத வீடு பட்டினி வீடு. பட்டினி என்று பேர் எடுப்பதைவிடச் சாவது மேல் என்று வளர்ந்தவள் நான். தினமும் ஐந்து மணிக்கு ஈரத் தென்னமட்டையோடு இரண்டு சவுக்குச் சுள்ளியைச் சேர்த்து அடுப்பில் புகைய விட்டேன். மேலே பாத்திரம் வைக்கவில்லை. உலையில் போட அரிசி இல்லாதபோது பாத்திரம் எதற்கு? கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். அது நான்தான். அந்த நெருப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் கொதித்திருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு சொம்பு போதும். எனக்குத் தோன்றவே இல்லை. பாவி.

பத்தாம் நாள் காலையில் பேதி. பிறகு வாந்தி. மதியத்துக்குள் கண் குழி விழுந்துவிட்டது. "யம்மா, தண்ணி" என்றாள். கொடுத்தேன். அதே குடத்துத் தண்ணீர். கேட்கக் கேட்கக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி ஜன்னல்களில் கறுப்புத் தாள். ஊசி போட நரம்பு தேடினார்கள். அகப்படவில்லை. விடிந்து கோயில் மணி அடித்தபோது மல்லிகா இல்லை.

அன்று பகல். பக்கத்து வீட்டு அஞ்சலை என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"யக்கா, எங்க ஊட்லயும் வெறும் பொகதான்க்கா. ஒங்க ஊட்ல சோறு வேவுதுன்னு நெனச்சி, அதப் பாத்துதான் நானும் பத்த வெச்சேன்."

சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டு அடுப்பிலும் அதே வெறும் புகைதான். பதினொரு வீட்டு விறகையும் ஒரே அடுப்பில் வைத்திருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் காய்ந்திருக்கும். யாரும் யாரையும் கேட்கவில்லை. மானம்! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிகிறது.

போர் பதின்மூன்று நாளில் முடிந்தது. ரேடியோவில் வெற்றிச் செய்தி. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள்.

மறக்காமலிருக்க இதை எழுதி வைக்கிறேன். எங்கள் ஊரில் விழுந்த குண்டு ஒன்றுமில்லை. எங்கள் வரிசையில் அடகுக்குப் போன பொருள்: என் மூக்குத்தி, அஞ்சலையின் பித்தளைக் குடம், நான்கு வீட்டு அண்டா. போன உயிர் மூன்று. மல்லிகா, நான்கு வயது. கோடி வீட்டுச் சேகர், இரண்டு வயது. அஞ்சலையின் மகன் குமார், பதினொரு மாதம். அவன் போனது போர் முடிந்த மறுநாள். பேதி கண்ட பிறகு, கடைசி இரண்டு நாளும் அவன் குடித்தது காய்ச்சிய தண்ணீர்தான். நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன்.