சீலைக்குள் ஒரு துவக்கு

கோட்-டெ-நெய்ஜ் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஆஸ்பத்திரிச் சீருடையோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“துவக்கை இடுப்பில சொருகினா, நடக்கேக்க கீழ விழுகுது அக்கா.”

துப்பாக்கி என்றதும் நான் ஃபோனை மடியில் வைத்துவிட்டேன்.

“ஒத்திகையிலயும் விழுந்ததோ?”

“ரெண்டு தரம். எல்லாரும் சிரிச்சினம். சனிக்கிழமை நாடகம். மரத்துவக்கு எண்டாலும் பாரம்தானே.”

“கைப்பையில வையன்.”

“அதை வில்லன் முதல் காட்சியிலேயே பறிச்சிடுவான். நான் பொலிஸ்காரி எண்டு அவனுக்குத் தெரியக்கூடாது.”

மூத்தவர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்து யோசித்தார்.

“அப்ப பாவாடையில இடப்பக்கம் ஒரு பொக்கற் தைப்பம். சீலைத் தலைப்பு அதை மூடிக்கொள்ளும். கையை விட்டு டக்கெண்டு எடுக்கலாம். பின்னேரம் வீட்ட வா, தைச்சுத் தாறன்.”

“ஓம் அக்கா, வாறன்.”

“வில்லனா ஆர் நடிக்கிறது?”

“என்ர மனுசன்தான்.”

“அவருக்கு நடிப்பு வருமே?”

“வராது. தனிய மேடையில ஏற எனக்குப் பயமெண்டு சொன்னன். அடுத்த நாளே போய் வில்லன் வேசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திட்டார். இப்ப காலமையில கண்ணாடிக்கு முன்னால நிண்டு முறைச்சுப் பழகிறார்.”

“முறைக்க வருதோ?”

“கண்ணாடியைப் பாத்து நல்லா முறைக்கிறார். என்னைப் பாத்தாத்தான் சிரிச்சிடுறார்.”

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார். “அப்பிடியான மனுசனை எப்பிடியடி சுடப்போறாய்?”

“கண்ணை மூடிக்கொண்டுதான் அக்கா.”