பெட்ரோல் மூடியின் சிவப்பு

ஹலோ… ஹலோ, மச்சான்? … ஆமா, நான்தான். மெதுவா பேசறேன், ஜன்னல் ஓரமா நிக்கறேன்… இல்லப்பா, யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்க அக்கா கார் இருக்கில்ல… ஆமா, ஆமா, அதே பழைய சிவப்புக் கார்தான்.

இடிக்கல, முதல்ல கேளு. ஜல்லி ஏத்தின லாரி பின்னாடியே போய்த் தொலைச்சேன். கல்லு தெறிச்சு பானெட்ல அங்கங்க பெயிண்ட் உதிர்ந்துபோச்சு… தெரியும், தெரியும். "கம்பெனி பெயிண்ட், இத்தனை வருஷத்துல ஒருத்தனும் இதுல கை வச்சதில்ல"ன்னு சொல்லித்தான் சாவியையே கொடுத்துட்டு ஊருக்குப் போனா. இன்னிக்கு வர்றா. ஸ்டேஷன்ல இறங்கிட்டாளாம்.

அது மட்டுமில்ல, பின் பம்பர்லயும் ஒரு இடம் பேந்திருக்கு. எப்ப பட்டுச்சுன்னே தெரியல. நான்தான் எங்கயாவது இடிச்சிருப்பேன்… உங்கப்பாவா? மருந்துக்கடைக்கு ஒரே ஒரு தடவை எடுத்துட்டுப் போனாரு. அவரைப் போய் சந்தேகப்படலாமா? செருப்பைத் தட்டிட்டுதான் வண்டியில காலே வைப்பாரு. தினமும் காலையில காரைச் சுத்தி வந்து உச்சுக் கொட்டறாரு, மச்சான். ஒரு வார்த்தை கேட்கல. திட்டிட்டாக்கூட நிம்மதியா இருக்கும்.

சரி, நாமளே தொட்டுவச்சுடலாம்னு பெயிண்ட் கடைக்குப் போனேன். கலரைக் காட்டுங்கன்னான். நான் பெரிய புத்திசாலி, பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினேன்… ஏன்னா, அங்கதான் தூசி இல்லாம பளிச்சுனு இருந்துச்சு… ஆமா… ஆமாப்பா, அது வெயிலே படாத இடம்னு இப்பதான் உறைக்குது. வெளியில எல்லாம் வெளுத்து மங்கிக் கிடக்கு. நான் வச்சது புத்தம்புது சிவப்பு. காருக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு.

சிரிக்காதே. நல்லா சிரி, உனக்கென்ன, நீ தூரத்துல இருக்கே…

தின்னரா? துடைச்சா போயிடுமா? … பழைய பெயிண்டும் சேர்ந்து வந்துடுமா? அப்ப வேண்டவே வேண்டாம்.

இரு… இரு இரு. உங்கப்பா வெளிய போறாரு. காருக்குத்தான் போறாரு. போச்சு, என் லட்சணத்தைப் பார்க்கப்போறாரு… இல்லையே, பானெட் பக்கம் திரும்பவே இல்ல. நேரா பின்னாடி போறாரு. பம்பர்கிட்ட குந்தி உட்கார்ந்துட்டாரு.

மச்சான்… அவர் கையில ஒரு சின்ன பாட்டில் இருக்கு.

ஆமாங்கறேன். பிரஷ்ஷை எடுத்து, அந்த இடத்துல, வச்ச குறி தப்பாம… அட மனுஷா. அதுக்குத்தான் தினமும் உச்சுக் கொட்டினாரா? நான் சாப்பாடு இறங்காம கிடந்தேன்…

லைன்ல இரு, வெளிய வந்துட்டேன். … மாமா, எழுந்திருக்காதீங்க, நான்தான். … மச்சான், கலர் அச்சு அசலா ஒத்துப்போச்சு! எதைக் காட்டி வாங்கினீங்க மாமா? … கார் கூரையையா? மருந்துக்கடைக்குப் போன அன்னிக்கே, பெயிண்ட் கடைக்காரனை வெளிய கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னாராம். கேட்டியா, வெயில் பட்ட இடம்.

சேச்சே, இல்ல மாமா, நான் எதுக்கு அவகிட்ட சொல்றேன். நீங்க என்னைக் காட்டிக்கொடுக்காதீங்க, நான் உங்களைக் காட்டிக்கொடுக்கல. அந்த பாட்டிலை மட்டும் கொடுங்க, பானெட் புள்ளிங்க மேல ஒரு பூச்சு பூசி… மச்சான், பிழைச்சேன். உங்கப்பா தங்கம்.

என்ன சத்தம்? டாக்ஸியா? … ஐயோ, வந்துட்டா. மாமா, பாட்டிலை மறைங்க, மறைங்க… எங்க போறீங்க? மாமா?

மச்சான்… பாட்டிலை என் சட்டைப் பையில போட்டுட்டு, "வாம்மா, மாப்பிள்ளை உன் காருக்கு ஏதோ பெயிண்ட் அடிச்சிட்டிருக்கார் பாரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

சிரிக்காதேடா… ஆங்? இல்லம்மா, உன் தம்பிதான்… சும்மா… பையிலயா? பையில ஒண்ணுமில்லையே… வச்சுடறேன் மச்சான்.