ஐந்தாம் இலக்கக் கணினி உறைந்த பிற்பகல்

மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் ஒலிப்பதிவில் என் குரலைவிட அதன் இரைச்சலே அதிகமாகக் கேட்கும். புழுக்கத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் பிற்பகல் எப்போதும் இப்படித்தான். வெள்ளவத்தையில் கடை வைத்திருந்த காலத்தில் கடற்காற்றாவது வந்தது.

நஸீறா உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்பதை ஊகித்துக்கொள்கிறேன். அவள் பொய் சொல்பவள் அல்லள். என் கடையோடு ஒட்டியிருந்த தொலைபேசிக் கூடத்தை நடத்திவந்தவள். அன்று எல்லாவற்றையும் பார்த்தவள். ஆனால் கணினிகளைப் பற்றி ஒன்றும் அறியாதவள். ஆகவே நடந்ததை நான் முறைப்படி சொல்வதே நல்லது.

அது 2007ஆம் ஆண்டு, போர்க்காலம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் எட்டுக் கணினிகளோடு விளையாட்டுக் கடையொன்று வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்காக லொட்ஜுகளில் காத்திருந்த இளைஞர்களே பெரும்பாலும் வந்தார்கள். உள்ளே வருபவர் தம்முடைய அடையாள அட்டையை என்னிடம் தர வேண்டும், போகும்போது பெற்றுக்கொள்ளலாம். அட்டைகள் என் மேசையின் இழுப்பறையில், லாச்சிக்குள், இருக்கும். அந்த அட்டை இல்லாமல் தமிழ் இளைஞன் ஒருவன் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே, அதைவிடச் சிறந்த ஈடு வேறொன்று இருக்க முடியாது.

குகதாசனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாயார் கனகேஸ்வரியோடு ஒழுங்கையின் மேற்பகுதியில், எங்கள் கடையிலிருந்து ஏறத்தாழ நூறு அடி தொலைவிலிருந்த லொட்ஜில் தங்கியிருந்தான். கனடாவிலிருந்த தமக்கை தாயையும் தம்பியையும் கூப்பிட்டிருந்தாள்.

என் கடையில் அதிகம் விரும்பப்பட்டது, நகரமொன்றில் வண்டி ஓட்டித் திரியும் விளையாட்டு. அதை உருவாக்கியவர்கள் தராத வண்டிகளையும் கட்டடங்களையும் விளையாடுபவர்களே செய்து உள்ளே சேர்ப்பதுண்டு. மொட் என்பார்கள். குகதாசன் ஒரு பஸ்ஸைச் செய்து சேர்த்தான். காலி வீதியில் ஓடும் தனியார் பஸ். கண்ணாடியில் சாமிப் படம், கதவில் தொங்கும் நடத்துநர், வீதியோரம் நின்று தானே பதிவுசெய்த ஹோர்ன் ஒலி. வேலைப்பாடு நன்றாக இருந்தது என்பதை நான் அப்போதும் மறுக்கவில்லை.

பஸ் வந்து இரண்டு வாரத்தில் ஐந்தாம் இலக்கக் கணினி உறையத் தொடங்கியது. அதுவே என்னிடமிருந்த மிகச் சிறந்த கணினி. படம் அசையாமல் நிற்கும்; கடைசியாகக் கேட்ட ஒலி மட்டும் அறுபடாமல் நீண்டுகொண்டிருக்கும். பதினொரு நாட்கள் நான் அதை ஆராய்ந்தேன். பக்கத் தகட்டைக் கழற்றிச் சூட்டைப் பார்த்தேன். படம் காட்டும் தட்டைத் துடைத்து மீண்டும் பொருத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கொப்பியில் எழுதினேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்பது ஒருநாளும் தெரியவராது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. இறுதியில், விளையாட்டு எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தேன். உறையுமுன் அது கடைசியாக எடுத்த பொருள், அந்தப் பஸ்ஸின் கதவு.

எல்லாருக்கும் முன்பாக அதைச் சொன்னேன்.

"கடைசி வரியில பேர் கிடந்தா அதுதான் குற்றவாளியே அண்ணை?" என்று குகதாசன் கேட்டான். "அது கடைசியாக் கண்ட ஆள், அவ்வளவுதான். பஸ்ஸில பிழையில்லை. உங்கட மெசின்தான் பட்டினி கிடக்குது. அதுக்கு ஏதும் சாப்பிடக் குடுங்கோ."

"தம்பி, நான் எட்டு வருசமா மெசின் திருத்திறன்."

"அதுதான் அண்ணை, அதுவும் களைச்சுப்போச்சு."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. ஆளையாள் பகிடி பண்ணுவது அங்கே வழக்கம்.

பிறகு அவனே ஒரு சோதனையைச் சொன்னான். "செவ்வாய்க்கிழமை என்ர பஸ்ஸை முழுசாக் கழட்டிப்போட்டு ஓடவிடுங்கோ. ஒரு மணித்தியாலம் நிக்காமல் ஓடினா பிழை என்ர. நிண்டுதெண்டா, சிவபாதம் அண்ணை இவ்வளவு பேருக்கும் முன்னால 'பிழை என்ர' எண்டு ஒருக்காச் சொல்லவேணும்."

முறையான சோதனை. ஒத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினோம். அவனோடு சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் நஸீறா வாசலில் வந்து நின்றாள்.

"ரோட்டு முனைல ஆமி எறங்கி ஈக்கிது. புள்ளைகள அனுப்புங்க."

ஐந்து பேருக்கும் அட்டைகளைக் கொடுத்தேன். போய்விட்டார்கள். குகதாசனும் கையை நீட்டினான்.

"இன்னும் இருபது நிமிசம் கிடக்கு, இரும்" என்றேன்.

"அம்மா தனிய இருக்கிறா அண்ணை. கேட்டா என்னத்தைக் காட்டுறதெண்டு அவவுக்குத் தெரியாது. லொட்ஜில இருக்கிறமெண்டு பொலிஸில பதிஞ்ச துண்டு என்ர பெட்டிக்குள்ள. எடுத்துக் குடுத்திட்டு ஓடி வாறன்."

"போயிட்டு வாரும். ஐடி இஞ்ச இருக்கட்டும். திரும்பி வருவீரெண்டதுக்கு."

நான் பகிடி விடுவதாக எண்ணிச் சிரித்தான். கையை நீட்டியபடி சற்று நேரம் நின்றான். பிறகு, நூறு அடிதானே என்று நினைத்திருக்க வேண்டும், ஓடினான். படையினர் நிற்பது எனக்குத் தெரியும். நஸீறா இதைச் சொல்லியிருப்பாள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அவனை நான் அனுப்பவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கச் சொன்னேன்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கணினி உறைந்தது. பஸ் இல்லை, வேறு மொட் எதுவும் இல்லை, தூய விளையாட்டு. ஏதோ ஒரு காரின் இயந்திர ஒலி ஒரே சுருதியில் நீண்டது. கடையில் வேறு எவரும் இல்லை. கணினியை அணைத்து மீண்டும் தொடக்குவதற்காகக் கையை நீட்டியபோது, வாசலில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி ஒருவரும் இரண்டு பொலிஸ்காரரும் குகதாசனை உள்ளே கொண்டுவந்தார்கள். சட்டையின் மேல் பொத்தான் இரண்டும் போயிருந்தன. உள்ளே வந்ததும் அவன் முதலில் பார்த்தது என்னை அல்ல, திரையை.

"அண்ணை, நிண்டிட்டுது பாருங்கோ" என்றான். உதடு வெடித்திருந்த நிலையிலும் முகம் மலர்ந்திருந்தது. "நான் சொன்னனான்தானே." அதன் பிறகுதான், "என்ர ஐடியை இவையளிட்டக் குடுங்கோ" என்றான்.

அதிகாரி மரியாதையானவர். என்னை மாத்தயா என்று அழைத்து, இவனுடைய அட்டை என்னிடம் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் பிழையின்றி வரும். இல்லை என்றேன். இடைக்கிடை வருகிற பொடியன், எங்கே தங்கியிருக்கிறான் என்பது தெரியாது என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். இரண்டாம் முறையும் இல்லை என்றேன்.

குகதாசனுக்கு அந்த மொழி விளங்காது. என் முகத்தைப் பார்த்தபடி, சிரிப்பு மாறாமலே நின்றான். அவனை ஜீப் பக்கமாகத் திருப்பியபோதுதான், "அண்ணை?" என்றான்.

காரணம் கேட்பீர்கள். பிறருடைய அட்டையை வைத்திருப்பது குற்றமாகலாம், கடையை மூடியிருப்பார்கள், என்னையும் ஏற்றியிருப்பார்கள். இவை வலுவான காரணங்கள். அந்தக் கணத்தில் இவை எனக்குத் தோன்றவில்லை என்பதை மட்டும், சரியாகப் பதிவாக வேண்டும் என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். தோன்றியது, அவன் திரையைப் பார்த்த விதம் மட்டுமே. அது தேவையற்றது.

ஜீப் போனதும் நஸீறா வந்தாள். "அந்தப் புள்ளட ஐடி ஒங்கட லாச்சிலதானே ஈக்கிது?"

"நஸீறா, உம்மட பூத்தில பதிவில்லாத சிம் எத்தினை கிடக்கெண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை" என்றேன். அதற்குமேல் அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கனகேஸ்வரி அம்மா அடுத்த மூன்று நாட்களும் வந்தார். முதல் நாள் என் பிள்ளை இங்கே வந்தானா என்று கேட்டார், கவனிக்கவில்லை என்றேன். இரண்டாம் நாள் வாசலிலேயே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, லொட்ஜ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய்விட்டு வந்தார்.

"தம்பி, இண்டைக்குள்ள ஐடியைக் கொண்டந்து காட்டினா என்னட்ட விடுகினமாம். இல்லாட்டி வேற எங்கேயோ மாத்தப்போகினமாம். உங்கட கடையிலதான் விட்டனான் எண்டு பிள்ளை சொல்லுறானாம். ஒருக்காத் தேடிப் பாருங்கோ, ராசா."

அவருடைய மன ஆறுதலுக்காகத் தேடினேன். மேசைகளின் கீழே, கணினிகளின் பின்னே, எல்லா இடமும் அவர் பார்க்கத் தேடினேன். லாச்சியைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை இல்லை என்று சொன்ன பொருள் வெள்ளிக்கிழமை இருப்பது பொருத்தமாகாது.

அட்டையை நான் அழித்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய். சனிக்கிழமை காலை அதைத் தபாற்பெட்டியில் போட்டேன். கண்டெடுத்த அட்டையைத் தபாற்பெட்டியில் போடுவோர் உண்டு. அதிலுள்ள முகவரிக்குப் போய்ச்சேரும் என்பார்கள். குகதாசனின் முகவரி யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. தாயார் நூறு அடி தொலைவில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அட்டையில் எழுதியிருந்த முகவரி அதுவன்று.

அன்றைக்கே வேறொரு வேலையும் செய்தேன். ஐந்தாம் இலக்கக் கணினியில் ராம் என்னும் நினைவகத் தட்டுகள் இரண்டு இருந்தன. இரண்டாவதைப் பஸ் வந்த அதே வாரத்தில் நானே பொருத்தியிருந்தேன். முதலாவதோடு அது ஒத்துப்போகாத வகை. அதைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டேன். பஸ்ஸையும், அவன் பெயரிலிருந்த கோப்புகள் அனைத்தையும், எட்டுக் கணினிகளிலிருந்தும் நீக்கினேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். என் தொழிலில் அந்த ஒரேயொரு முறைதான் அப்படிச் செய்திருக்கிறேன். அதன் பிறகு ஐந்தாம் இலக்கம் உறையவில்லை. பொடியன்கள் கேட்டபோது, பஸ்ஸை எடுத்தேன், சரியாகிவிட்டது என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். அவன் எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

கனகேஸ்வரி அம்மா இன்றும் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சற்றுமுன் சொன்னீர்கள். நான் சொன்ன ஒரு பொய்யால் அவன் போனான். எழுதிக்கொள்ளுங்கள்; கையொப்பமிடுகிறேன். ஆனால் பிழை என் கணினியில்தான் இருந்தது என்று நஸீறா சொல்லியிருந்தால், அந்த வரியை நீக்கிவிடுங்கள். ஒரே ஒரு முறை உறைந்ததைக் கொண்டு அப்படி ஒரு முடிவுக்கு வருவது முறையன்று. அவன் இருந்திருந்தால் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம்.