அம்மா கேக்கச் சொன்னாங்க

ராத்திரி மணி பதினொன்று இருக்கும். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மரங்கள், நடுவில் ஒற்றைச் சாலை. ஆள் இல்லை, விளக்கு இல்லை. அந்தச் சாலையில் ஒரு பொம்மை ரயில் போய்க்கொண்டிருக்கிறது… ரயில் என்றால் தண்டவாளமெல்லாம் கிடையாது. முன்னால் டிராக்டர் மாதிரி ஒன்று, பின்னால் திறந்த பெட்டிகள். தீம் பார்க்கை மூடிய பிறகு, ஏரிக்கு அந்தப் பக்கம் தங்கியிருப்பவர்களைக் கொண்டுபோய் விடுகிற கடைசி வண்டி அது.

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்து. ரிசார்ட்டில் எங்கே தங்குவது என்று சாயங்காலத்திலிருந்து நீங்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டுத்தான் எனக்கு இது ஞாபகம் வந்தது. என்னோடு வேலை பார்க்கிறவனுடைய அக்காவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் நடந்தது. அவன் கதை விடுகிற ஆள் இல்லை.

அந்த வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அக்கா ஆசை ஆசையாகப் பார்க் வாசலை ஒட்டிய பெரிய ஹோட்டலில் அறை போட்டிருந்தாள். எட்டாவது மாடி. கட்டிலில் படுத்தபடியே வாணவேடிக்கை பார்க்கலாம். மனிதர் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியதும் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.

"ரோப்பு தேஞ்சிருக்கு. இதுல என் பொண்ணை ஏத்த மாட்டேன்."

தொழில் புத்தி! அவ்வளவுதான், கீழே இறங்கி, அறையை மாற்றி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மரக் காட்டேஜுக்குக் குடும்பத்தைக் கொண்டுபோய்விட்டார். அந்த ரிசார்ட்டில் எங்கே தங்கினாலும் அறை எண் அச்சடித்த பட்டையைக் கையில் கட்டுவார்கள். பெரியவர்களுக்குப் பட்டையை மாற்றினார்கள். ஐந்து வயதுப் பிள்ளை மட்டும் மாற்ற விடவில்லை. ஹோட்டல் பட்டையில் கரடிப் படம் இருந்ததாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து அக்கா புருஷனோடு பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் பிள்ளை வழியாகச் சொன்னாள்.

"குட்டி, உங்கப்பாகிட்ட சொல்லு. இங்கருந்து கேட்டுக்குப் போறதுக்குள்ள பார்க்கையே மூடிருவாங்கன்னு."

"குட்டி, உங்கம்மாகிட்ட சொல்லு. ஏரிக்காத்து கொழுப்பைக் குறைக்குமாம்னு."

புருஷன் பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது ஊர் உலகத்தில் நடப்பதுதான். அதற்குப் பிள்ளையைத் தபால்காரியாக்குவது இருக்கிறதே, அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைக்கோ அது ஒரு விளையாட்டு. பகல் முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தது.

இருட்டியதும் மழை பிடித்தது. பார்க்கில் விற்ற நீல மழைக்கோட்டை வாங்கிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டார்கள். தொப்பி மூக்கு வரை வரும். எல்லாப் பிள்ளைகள் மேலும் அதே கோட்டுதான். வாணவேடிக்கை முடிந்தது… கூட்டம் வாசலுக்கு முண்டியடித்தது. பிள்ளை அப்பாவோடு வருகிறது என்று அவள் நினைத்தாள். அம்மாவோடு வருகிறது என்று அவர் நினைத்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்றுப் போனதாக ஆகிவிடுமே!

அந்தப் பொம்மை ரயிலில் அவள் முதல் பெட்டி. அவர் கடைசிப் பெட்டி. சாலை இருட்டு. மழைக்கோட்டு உரசுகிற சத்தம்… சரக்… சரக்… அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"அப்பா… அம்மா கேக்கச் சொன்னாங்க. சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்னு சொல்லு."

சரக்… சரக்… கொஞ்ச நேரத்தில் முதல் பெட்டியில் அவள் காதருகே, "அம்மா… சாவி அப்பாகிட்ட இருக்காம்."

அந்த வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போக வழி கிடையாது. ஓடுகிற வண்டியில் பிள்ளை எப்படிப் போய் வருகிறது? மெக்கானிக் மூளைக்கே அது அப்போது உறைக்கவில்லை. கோபம் அப்படி.

காட்டேஜ் வந்தது. அவள் விளக்குகூடப் போடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரத் துணியை நாள் கணக்கில் மூடி வைத்த மாதிரி ஒரு வாடை. மழை வாடை என்று நினைத்தார்.

"அப்பா… அம்மா கேக்கச் சொன்னாங்க. இப்பவே வீட்டுக்குப் போயிடலாமா?"

"அவ்வளவு ரோஷமா? சரி, போலாம்னு சொல்லு!"

உள்ளே அவளுக்கும் அதே கேள்வி.

"அம்மா… அப்பா கேக்கச் சொன்னாங்க. இப்பவே வீட்டுக்குப் போயிடலாமா?"

"முதல்ல அதைச் செய்யச் சொல்லு அந்த மனுஷனை."

மூட்டை கட்டினார்கள். அவர்கள் ஊரிலிருந்து வந்த கார் காட்டேஜ் வாசலிலேயே நின்றது. பின் கதவு திறந்து, டப்பென்று மூடியது. பின் சீட்டில் நீலத் தொப்பி தெரிந்தது. அவள் முன்னால் ஏறிக்கொண்டு வெளியே பார்த்தாள். அவர் சாவியைத் திருகினார்.

காட்டேஜுக்குள் போன் அடித்தது.

அவர் கதவில் கை வைத்தார். பின்னாலிருந்து குரல்…

"அப்பா… அம்மா சொல்லச் சொன்னாங்க. எடுக்க வேண்டாமாம்."

அவர் பக்கத்தில் பார்த்தார். அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். வாயே திறக்கவில்லை. அவளும் மெதுவாகத் திரும்பினாள். அன்றைக்குப் பூராவும் பேசாதவள் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நான் சொல்லலைங்க…"

போன் விடாமல் அடித்தது. இரண்டு பேரும் இறங்கி ஓடினார்கள். எடுத்தால், பார்க் வாசலிலிருந்து ஒரு பெண்.

"சார், உங்க பொண்ணு ரொம்ப நேரமா எங்ககிட்டதான் இருக்கு. கையில கட்டியிருந்த நம்பரைப் பார்த்து எட்டாவது மாடிக்கே போன் போட்டுட்டிருந்தோம். நீங்க ரூம் மாத்துனது இப்பதான் தெரிஞ்சுது. அழுதுட்டே இருக்கு, சீக்கிரம் வாங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியிருக்கிறோம்… அந்த நினைப்பு இன்றைக்கும் அவளைத் தூங்க விடுவதில்லையாம். அவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கி வெளியே கூட்டி வந்தார். காரின் பின் கதவுகள் மூடியே இருந்தன. பின் சீட்டில் யாரும் இல்லை. சீட்டு மட்டும் நனைந்து, பாசி வாடை அடித்தது.

அந்தக் காரில் ஏற யாருக்கு மனசு வரும்? ஆனால் பிள்ளை அந்தக் கரையில் இருக்கிறது, வேறு வண்டியும் கிடையாது. ஏறினார்கள். ஏரிக்கரை நெடுக இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனார்கள். மளிகைச் சாமான், ஸ்கூல் பஸ், வாயில் வந்ததெல்லாம். பேச்சை நிறுத்தினால் நடுவில் வேறு யாராவது பேசிவிடுவார்களோ என்று பயம்.

பிள்ளையைப் பார்த்ததும் அவள் தொப்பியை விலக்கி, முகத்தைத் தடவி, கழுத்து மச்சத்தைத் தடவி, இது என் பிள்ளைதான் என்று உறுதி பண்ணிக்கொண்டுதான் கட்டிக்கொண்டு அழுதாள். மடியை விட்டு இறக்கவே இல்லை. முன் சீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நேரே வீட்டுக்கு விட்டார் வண்டியை.

ரிசார்ட் விளக்குகள் மறைந்தன. பெரிய ரோடு வந்தது. அவருக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

பிள்ளை அம்மா தோளில் தாடையை வைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. எதையோ உன்னிப்பாகக் கேட்டது. தலையாட்டியது.

"அப்பா…"

"என்னடா கண்ணு?"

"அவ கேக்கச் சொல்றா. நம்ம வீட்ல அவளுக்கு எந்த ரூமு?"