ரசீது உண்டா?

– ரசீது உண்டா?

– இன்னா சார் நீங்க, ஒரு டீ வாங்கிக் குடுத்தா அதுக்கும் ரசீது கேக்கறீங்க.

– உன் டீயை நம்பலாம் தினகரா. உன் ஜெராக்ஸ் கடையைத்தான் நம்ப முடியாது. எதிர்ல இருக்கிற தாலுக்கா ஆபீஸ்ல எந்த ஃபைல் எந்த மேஜையில தூங்குதுன்னு உள்ள இருக்கிறவங்களை விட உனக்குத்தான் நல்லாத் தெரியும்.

– தூங்கறதை எழுப்பறதுதானே சார் நம்ம பொழப்பு. நீங்கதான் எழுப்ப வுட மாட்டேன்றீங்க. எட்டு மாசமா சொல்லினுகீறேன், அஞ்சு ரூபா செலவு பண்ணுங்க, பட்டா வூடு தேடி வரும்னு.

– அஞ்சு ரூபாய்க்கு இப்ப டீ கூட வராதேடா.

– அஞ்சாயிரம் சார். கடையில ஆயிரம்ன்ற வார்த்தையை வாயால சொல்ல மாட்டோம்.

– அதுக்குப் பேர் லஞ்சம்.

– ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார், காது கூசுது. அன்புன்னு சொல்லுங்க.

– சரி, அன்பு. அன்புக்கு ரசீது உண்டா?

– ஆரம்பிச்சிட்டீங்களா! ஆபீஸ்ல உங்களுக்கு இன்னா பேரு தெரியுமா? ரசீது சார். கேட்டாண்ட நீங்க நுழையறப்பவே பியூன் போய் உள்ள சொல்லிடுவான், ரசீது வருதுன்னு.

– சொல்லட்டும். பெருமைதான்.

– பெருமையை வெச்சினு இன்னா சார் பண்றது? மிருதுளா பாப்பா நாவலூர்ல ஃப்ளாட்டு புக் பண்ணி வெச்சினு உக்காந்துனுகீது. நீங்க உங்க வூட்டை அடமானம் வெச்சாத்தான் பேங்க்ல கடன். பேங்க்காரன் பட்டா கேக்கறான். வெள்ளிக்கெழமை கெடு. குடுத்த அட்வான்ஸு போயிடும் சார்.

– தெரியும்டா. நேத்து ராத்திரி கூட போன்ல அழுதா. "அப்பா, உங்க கொள்கைக்கு நானா வட்டி கட்டணும்?"னு கேட்டா. எனக்குத் தூக்கமே வரல.

– அப்பால?

– அப்பால என்ன அப்பால. எல்லாம் உங்கப்பா ஜெயவேலுவால வந்த வினை. எனக்கு நிலத்தை வித்தாரே, பத்திரத்துல ஒழுங்கா என் பேர் கிருஷ்ணமூர்த்தின்னு இருக்கு. பட்டாவுல மட்டும் "கிட்டு வாத்தியார்".

– நைனா இன்னா சார் பண்ணும்? யார் பேருல போடறதுன்னு வி.ஏ.ஓ. கேட்டிருப்பாரு. அஸ்தினாபுரத்துல அப்ப கிருஷ்ணமூர்த்தின்னா எவனுக்குத் தெரியும்? கிட்டு வாத்தியார்னாதான் நாய் கூட வாலாட்டும்.

– இப்ப பார், கிட்டுவும் கிருஷ்ணமூர்த்தியும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க எட்டு மாசமா அலையறேன். முப்பத்தாறு வருஷம் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தேன். ஒருத்தர்கிட்ட ஒத்தைப் பைசா தப்பா வாங்கினதில்ல. நான் எதுக்குடா குடுக்கணும்?

– நான் உங்க ஸ்டூடண்ட்டு சார். எனக்குத் தெரியாதா? தொண்ணூத்தெட்டு பேட்ச். பிராக்டிகல்ல அம்பதுக்கு நாப்பத்தெட்டு.

– உனக்கா? நாப்பத்தெட்டா?

– தியரியில ஃபெயிலு.

– டேய், பிப்பெட்ல ஆசிட்டை உறிஞ்சச் சொன்னா, முழுங்கிட்டு முழிச்சவன்தானே நீ?

– புளிப்பா இருந்திச்சு சார்.

– உனக்கு எவன்டா நாப்பத்தெட்டு போட்டான்?

– நீங்கதான். எங்களுக்கு ஒரு பொட்டலம் உப்பு குடுத்து இன்னா உப்புன்னு கண்டுபுடிக்கச் சொல்லுவாங்களே, அதுக்கு மொத நாள் சாயங்காலம் டியூஷன்ல என் காதாண்ட வந்து "ஜிங்க் சல்ஃபேட்"டுன்னு சொன்னீங்க. நான் மறந்துடப் போறேன்னு நைனா என் கையில எழுதி வுட்டுச்சு.

– அது... டியூஷன் வர்ற பசங்களுக்கு ஒரு சின்ன உதவி. எல்லா வாத்தியாரும் பண்றதுதான்.

– நான் ஒண்ணும் சொல்லலியே சார். மாசம் நூத்தம்பது. கரீட்டா?

– அது ஃபீஸ்டா! லஞ்சம் இல்ல.

– நானும் அத்த லஞ்சம்னா சொன்னேன்? அன்புன்னுதானே சொல்றேன்.

– ரொம்ப வாய் உனக்கு. டீயைக் குடி.

– குடிக்கறேன், குடிக்கறேன். மூஞ்சைத் தூக்காதீங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி வெச்சினுகீறேன். ரெண்டு மாசம் முன்னாடி ஆபீஸுக்குப் புதுசா ஒரு தாசில்தார் மேடம் வந்துச்சே, அதால எனக்கு ஒரே பேஜாரு. கையில வாங்காது, பையில வாங்காது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் எடுத்துனு போனேன். பிரிச்சு, ஆபீஸ் முழுக்க ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு, காலி பாக்ஸை என் கையில திருப்பிக் குடுத்துச்சு.

– பலே! இப்படி ஒரு அதிகாரி இருக்காங்கன்னா நாடு உருப்படும்.

– நாடு உருப்படும், நான்தான் உருப்பட மாட்டேன். காலையில ஒரு காப்பி எடுக்கணும்னு என்னை உள்ள கூப்ட்டுச்சு. உங்க ஃபைலு மேஜை மேல கீது. "கிட்டு என்கிற கிருஷ்ணமூர்த்தி"ன்னு பேரைத் திருத்தி, கையெழுத்து நேத்தே போட்டாச்சு.

– டேய்! நெஜமாவா? தினகரா, கையைக் குடுடா! பார்த்தியா? அஞ்சு பைசா குடுக்காம! மிருதுளாவுக்கு இப்பவே போன் பண்றேன். கொள்கை கொள்கைன்னு கிண்டல் பண்ணாளே!

– இருங்க சார். போனை வெய்யுங்க. மேடம் ஒண்ணு கேட்டுச்சு.

– என்ன?

– நூத்தம்பது ரூபா.

– சீ! அந்தம்மாவுமா? இவ்வளவு நேரம் பெரிசா அளந்தே? அதுவும் போயும் போயும் நூத்தம்பது! ரசீது உண்டான்னு கேட்டியா?

– கேட்டேன் சார். உங்க ஸ்டூடண்ட்டு இல்லியா.

– என்ன சொன்னாங்க?

– ரசீது உண்டாம்.

– உண்டா? அப்ப அது அரசாங்கக் கட்டணமா இருக்கும். எந்தக் கணக்குல?

– மேடம் பேரு சந்திரிகா சார். நம்ம பேட்ச்தான். மொத பெஞ்சு, ரெட்டைச் சடை. ஸ்கூல் பின்னால இட்லிக் கடை வெச்சினு இருந்துச்சே செல்லியம்மா, அது பொண்ணு.

– செல்லியம்மாள்...

– ஞாபகம் கீதா?

– சொல்லு. அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?

– "ஃபைலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பட்டா அவர் பட்டா, எப்ப வேணா வந்து வாங்கிக்கலாம். ஆனா பிராக்டிகலுக்கு மொத நாள் எங்கம்மா கம்மலை அடகு வெச்சு சார்கிட்ட நூத்தம்பது குடுத்தாங்க. நான் ஒரு நாளும் டியூஷனுக்குப் போனதில்ல. எனக்கு உப்பு பேரும் சொல்லல. அந்தக் காசைத் திருப்பித் தரச் சொல்லுங்க"ன்னுச்சு. சிரிச்சினேதான் சொல்லிச்சு சார்.

– மறக்கலடா. சொல்லணும்னுதான் இருந்தேன். அது நல்லாப் படிக்கிற பொண்ணு, யாரும் சொல்லாமலே கண்டுபிடிச்சுடும்னு விட்டுட்டேன்.

– கண்டுபுடிச்சுச்சு சார். அதுக்கு முப்பத்தாறு போட்டீங்க, ஆசிட் குடிச்ச எனக்கு நாப்பத்தெட்டு. ரெண்டே மார்க்குல அதுக்கு டாக்டர் சீட்டு போச்சு.

– எனக்குத் தெரியாது தினகரா. அது தெரியவே தெரியாது.

– வுடுங்க சார். இப்ப நல்லாத்தானே கீது. ஜீப்புல வருது.

– செல்லியம்மா எப்படி இருக்காங்க?

– போன வருசம் தவறிடுச்சு சார். இந்தாங்க பேனா. பட்டா வாங்கினதுக்கு இந்த ஃபாரத்துல கையெழுத்து போடணும். "கிட்டுவும் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவரே என உறுதி கூறுகிறேன்"னு கீது பாருங்க, அதுக்குக் கீழ.

– எந்தப் பேர்லடா போடறது?

– எதுல போட்டா இன்னா சார், ரெண்டும் ஒரே ஆளுதானே.

– ஆமா... ஒரே ஆள்தான். இருநூறுக்குச் சில்லறை வெச்சிருக்கியா?

– இந்தாங்க. ஆனா நான் எடுத்துனு போவ மாட்டேன். நீங்களே உள்ள போய் அது கையில குடுங்க. உங்களுக்குன்னு வெள்ளைப் பேப்பர்ல ரசீது எழுதி ரெடியா வெச்சினுகீது.

– போறேன். எனக்கு முன்னால நீ ஓடிப் போய் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு தினகரா.

– இன்னா சார்?

– ரசீது வேணாம்.