படையலுக்கு ஓர் எலிப்பொறி

நாகூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ். என் முன் சீட்டில் வயதான ஓர் அக்காவும் தம்பியும். அக்காவின் மடியில், நாகூரில் வாங்கி, துண்டில் சுற்றிய புது எலிப்பொறி.

"படையல்ல யாராவது எலிப்பொறி வைப்பாங்களாடா?"

"செத்தவருக்குப் புடிச்சத வைக்கணும்ல. அப்பாவுக்கு வேற என்ன புடிச்சுது? அவரே கண்டுபுடிச்சு, அப்ப காரைக்கால ஆண்ட பிரெஞ்சுக்காரன்கிட்ட பேட்டண்ட் வாங்கின பொறி அக்கா இது."

"அவர் கையால செஞ்சது ஒண்ணுகூட மிஞ்சலியே."

"எல்லாம் துருப்புடிச்சுப் போச்சு. ஊர்ல வேற யாரு வச்சிருக்கா? கேக்காம செஞ்சான்னு நம்மூர்க் கொல்லன் மேல கேஸ் போட்டாரு. அப்புறம் எவன் தொடுவான்? நாகூர் இங்கிலீஷ்காரன் எல்லை, அந்தப் பேட்டண்ட் அங்க செல்லாது. பட்டறைக்குப் பட்டறை செஞ்சு வித்தாங்க. எலி அங்கதான் செத்துது. நம்ம வயல்ல நெல்லத் தின்னுச்சு."

"அதனாலதான் அவரு கடைசிவரைக்கும் நாகூர்ப் பக்கமே போகல."

பஸ் எல்லையைத் தாண்டி வாஞ்சூரில் நின்றது. அந்த அக்கா பொறியைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"நாகூர்க்காரங்க செஞ்சத இலைக்கு முன்னாடி வச்சா, அப்பா சாப்புட வருவாராடா?"